அம்மாவுக்கு பித்தப்பை கல்லு, லேப்ராஸ்கோப்பியா (துளை போட்டு கேமரா விட்டு பண்றது) ஓப்பனா (வயித்த திறந்து பண்றது)? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நத்தம்_குமரன்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் பதினாலு வருஷமா இருக்கு. போன மாசம் ஒரு வளைகாப்புக்கு போய் சாப்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரி வலது பக்கம் விலாவுக்கு கீழ வலி ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் இழுத்துருச்சு, வாந்தி, காய்ச்சல் வேற. கேஸ் டிரபிள்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்து ரெண்டு நாள் வீட்லயே வெச்சிருந்தோம், அது எங்க தப்புதான். ஸ்கேன்ல பித்தப்பை நெறைய கல்லு, பையோட சுவர் தடிச்சு போயிருக்கு, பித்தக்குழாய் 9 மில்லிமீட்டர்னு எழுதியிருக்காங்க. அட்மிட் பண்ணி அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, சுகர் கண்ட்ரோல் ஆகட்டும், ஆறு வாரம் கழிச்சு ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு அனுப்பிட்டாங்க.

இப்ப ரெண்டு டாக்டர்ட்ட காட்டிட்டோம். ஒருத்தர் "நாலே துளை, மறுநாள் வீட்டுக்கு போயிரலாம், தழும்பு கூட தெரியாது"ன்னு ரொம்ப தைரியமா சொல்றாரு. இன்னொருத்தர் "துளை போட்டுதான் ஆரம்பிப்பேன், உள்ள சரியா தெரியலைன்னா வயித்த திறந்துருவேன், அதுக்கும் சேத்து இப்பவே கையெழுத்து போடுங்க"ன்னு சொல்றாரு. அம்மா அதைக் கேட்டதுலேர்ந்து பயந்து போய் இருக்காங்க. எனக்கும் ரெண்டாவது ஆளுக்கு அனுபவம் கம்மியோன்னு ஒரு சந்தேகம். யாராவது சொல்லுங்க.

தியேட்டர்_சிஸ்டர்
தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ. என்னைக் கேட்டா கண்ண மூடிட்டு ரெண்டாவது டாக்டர்ட்ட போங்க. திறக்க வேண்டி வரலாம்னு முன்னாடியே சொல்றவரு உள்ள என்னென்ன நடக்கும்னு பாத்தவரு.

உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய உக்காந்திருக்கவங்களுக்கு தெரியாது, அதனால சொல்றேன். தொப்புள்கிட்ட ஒரு துளை போட்டு கார்பன் டை ஆக்சைடு கேஸ் ஏத்துவோம், பிரஷர் 12லேர்ந்து 15க்குள்ள நிக்கும், வயிறு பலூன் மாதிரி உப்பிரும். கேமரா உள்ள போன ஒடனே லென்ஸ்ல பனி பிடிக்கும், அதுக்குன்னு பக்கத்துல ஒரு பிளாஸ்க்ல சுடுதண்ணி வெச்சிருப்போம், அதுல முக்கி தொடச்சு தொடச்சு குடுக்கணும். சில நாள் பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி. டாக்டருக்கு கையில எதையும் தொட்டு பாக்க முடியாது, கண்ணால டிவில பாக்கறது மட்டும்தான். படம் மங்கலா இருந்தா அவரு குருடர் மாதிரிதான். அதே மாதிரி கரண்ட் வெச்சு கருக்குற ஹூக்னு ஒண்ணு இருக்கு, அதோட உறையில முடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தா போதும், கேமராவுல தெரியாத எடத்துல கரண்ட் கசிஞ்சு குடல்ல பட்டுரும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, மூணு நாலு நாள் கழிச்சு வயிறு உப்பி காய்ச்சல் வந்து நிக்கும். ஒவ்வொரு கேசுக்கு முன்னாடியும் அந்த ஹூக்கை லைட்டுக்கு நேரா பிடிச்சு திருப்பி திருப்பி பாப்பேன், என்கிட்ட வேலை பழகுன எல்லா பிள்ளைங்களுக்கும் முதல்ல அதத்தான் சொல்லிக் குடுத்தேன்.

கத்தியும்_நூலும்
சிஸ்டர் சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல. நான் ஒரு தாலுகா ஊர்ல ஜெனரல் சர்ஜன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

பித்தப்பைய லேப்ராஸ்கோப்பில மொதமொதலா எடுத்தது ஜெர்மனி போப்லிங்கன் ஊர்ல எரிச் மூகேங்கற டாக்டர், 1985 செப்டம்பர் 12. அப்ப அவர் நாட்டு சர்ஜன்களே அவர நம்பல. 1987ல பிரான்ஸ் லியோன்ல பிலிப் மூரே பண்ணாரு, அதுக்கப்புறம் தீ மாதிரி பரவிச்சு. இந்தியாவுல 1990ல மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில டெஹெம்டன் உத்வாடியா ஆரம்பிச்சு வெச்சாரு. இதுல கவனிக்க வேண்டியது, பழைய முறையோட ஒழுங்கா ஒப்பிட்டு பாத்து சோதனை முடிச்சுட்டு அப்புறம் பரவல, பரவுனதுக்கு அப்புறம்தான் சோதனையே வந்துச்சு. ஜனங்களே "அந்த துளை ஆபரேஷன்தான் வேணும்"னு கேட்டு வந்தாங்க, மறுத்த டாக்டர் பேஷண்ட்ட இழந்தாரு.

அந்த அவசரத்துக்கு கொடுத்த விலை என்னன்னா பித்தக்குழாய் காயம். வயித்த திறந்து பண்ண காலத்துல ஆயிரம் பேருக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குதான் பெரிய பித்தக்குழாய் வெட்டுப்படும். லேப்ராஸ்கோப்பி வந்தப்ப அது ஆயிரத்துக்கு மூணுலேர்ந்து அஞ்சுன்னு ஏறிச்சு. எண்ணிக்கை சின்னதா தெரியலாம், ஆனா வெட்டுப்பட்டவங்களுக்கு அது வாழ்க்கை முழுக்க தொந்தரவு, குடலை எடுத்து ஈரலோட கோக்குற பெரிய ஆபரேஷன், திரும்ப திரும்ப காமாலை காய்ச்சல். பெரும்பாலும் இது கை நடுங்கி நடக்கறதில்ல. ஈரல்லேர்ந்து குடலுக்கு பித்தம் போற பொது பித்தக்குழாய பாத்து, இதுதான் பித்தப்பைலேர்ந்து வர்ற சின்ன குழாய்னு கண்ணு நம்பிரும், நம்பிக்கையோட கிளிப் போட்டு வெட்டிருவாங்க. வெட்டும்போது கூட சந்தேகமே வராது.

இதுக்கு 1995ல ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்ங்கற அமெரிக்க சர்ஜன் ஒரு வழி சொன்னாரு. பித்தப்பை கழுத்துக்கிட்ட இருக்கற முக்கோணத்துல கொழுப்பு, சவ்வு எல்லாத்தையும் சுத்தமா எடுக்கணும், பையோட அடிப்பாகத்துல மூணுல ஒரு பங்க ஈரல்லேர்ந்து பிரிச்சு காட்டணும், பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு, ஒரு குழாய் ஒரு ரத்தக்குழாய், அதுக்கு பின்னாடி ஈரல் தெரியணும். இந்த மூணும் கண்ணுக்கு தெரியாம எதையும் வெட்டக்கூடாது. தெரியலைன்னா நிறுத்து, பைய பாதி மட்டும் எடு, இல்ல வயித்த திறந்துரு, இல்ல இன்னொரு சர்ஜன கூப்பிடு.

குமரன், உங்க அம்மாவுக்கு அட்டாக் வந்து ஆறு வாரம் ஆகப் போகுது, பை சுவர் தடிச்சிருக்கு, சுகர் இருக்கு. அந்த முக்கோணம் ஒட்டிக்கிட்டு சிமெண்ட் மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு. ஜெர்மனில 2013ல வந்த ஒரு பெரிய சோதனையில, 618 பேருக்கு, ஆஸ்பத்திரில சேந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணவங்களுக்கு சிக்கல் நூத்துக்கு பன்னெண்டு பேர்கிட்ட, தள்ளிப் போட்டவங்களுக்கு முப்பத்திநாலு பேர்கிட்ட. அதனால இப்ப முடிஞ்சவரைக்கும் அட்டாக் வந்த ஒடனே பண்றதுதான் நல்லதுன்னு சொல்றோம். அந்த நேரம் போயிருச்சு, அதுக்காக வருத்தப்பட வேண்டாம். ஆனா "தழும்பு கூட தெரியாது"ன்னு வாக்கு குடுக்கற கேஸ் இது இல்ல.

அபுதாபி_ராஜா
டாக்டர் சார் மன்னிக்கணும், நீங்க சொல்றத பாத்தா ஜனங்க பயந்து ஓப்பனுக்கு போயிருவாங்க போல. எனக்கு 2019ல இங்கதான் லேப்ராஸ்கோப்பில பித்தப்பை எடுத்தாங்க, மறுநாள் ரூமுக்கு வந்துட்டேன், எட்டாவது நாள் சைட்டுக்கு போயிட்டேன். எங்க அப்பாவுக்கு 1988ல ஊர்ல விலாவுக்கு கீழ சாய்வா ஒரு ஜாண் வெட்டு, பத்து நாள் ஆஸ்பத்திரி, தையல் சீழ் வெச்சு ரெண்டு மாசம் கடை திறக்கல. அந்த ரெண்டு மாசம் வீட்ல அடுப்பு எரிஞ்சது அம்மா தையல் மெஷின் மிதிச்சதாலதான். தினக்கூலிக்காரனுக்கு எட்டு நாளுக்கும் ரெண்டு மாசத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமா? தழும்ப மட்டும் பாக்கறோம்னு சொல்லாதீங்க.

கத்தியும்_நூலும்
ராஜா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். நானும் பித்தப்பைக்கு லேப்ராஸ்கோப்பிலதான் ஆரம்பிப்பேன், என் வீட்டு ஆளுக்கும் அதத்தான் சொல்வேன். சீழ் கம்மி, பின்னாடி குடலிறக்கம் வர்றது கம்மி, வலி கம்மி. நான் சொல்ல வந்தது ஒண்ணுதான், துளை போட்டு தொடங்கறதும் துளையிலயே முடிச்சே தீருவேன்னு நிக்கறதும் வேற வேற.

கணக்கு_வாத்தியார்
நான் டாக்டர் இல்ல, மருத்துவ ஆராய்ச்சிகளுக்கு புள்ளியியல் கணக்கு போட்டு குடுக்கறது என் வேலை. ராஜா சொன்ன அப்பா கதையும் அவர் கதையும் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா எல்லாரும் இப்படித்தான் ஒப்பிடறோம்.

1988ல ஒரு ஜாண் வெட்டு, 2019ல நாலு துளை. நடுவுல முப்பது வருஷம். மயக்க மருந்து மாறிருச்சு, ஆன்டிபயாடிக் மாறிருச்சு, ஆபரேஷன் ஆன மறுநாளே நடக்க விடணும்னு டாக்டர்களுக்கே மனசு மாறிருச்சு. எட்டு நாள்ல வேலைக்கு போனதுல துளைக்கு எவ்வளவு பங்கு, மத்ததுக்கு எவ்வளவு பங்கு?

இதை பிரிச்சு பாக்க இங்கிலாந்து ஷெஃபீல்ட்ல ஒரு சோதனை பண்ணாங்க, 1996ல வெளிவந்துச்சு. 200 பேர். பாதி பேருக்கு லேப்ராஸ்கோப்பி, மீதி பேருக்கு வயித்த திறந்துதான், ஆனா பழைய ஒரு ஜாண் வெட்டு இல்ல, முடிஞ்ச அளவு சின்ன வெட்டு. அதுல அவங்க செஞ்ச ஒரு காரியம்தான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிச்சது. ஆபரேஷன் முடிஞ்சதும் ரெண்டு கூட்டத்துக்கும் வயித்து மேல ஒரே மாதிரி பேண்டேஜ் ஒட்டிட்டாங்க. துளை எங்க இருக்கும், வெட்டு எங்க இருக்கும்னு வெளிய ஒண்ணும் தெரியாது. வார்டு நர்ஸுக்கு தெரியாது, பேஷண்ட்டுக்கும் தெரியாது. யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு முடிவு பண்றவங்களுக்கு "இவரு துளைக்காரரு, நாளைக்கே போலாம்", "இவரு வெட்டுக்காரரு, ஒரு வாரம் கெடக்கட்டும்"னு மனசுல வர வழியே இல்ல.

முடிவு என்னாச்சு தெரியுமா, ஆஸ்பத்திரில இருந்த நாள் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. வேலைக்கு திரும்புன நாளும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆபரேஷன் நேரம் மட்டும் லேப்ராஸ்கோப்பிக்கு கூட ஆச்சு. பின்னாடி பல சோதனைகள சேத்து பாத்தப்பவும் சின்ன வெட்டுக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. இத வெச்சு லேப்ராஸ்கோப்பி வேண்டாம்னு நான் சொல்லல. புதுசு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னா, எதை விட நல்லதுன்னு கேக்கணும். இருக்கறதுலயே மோசமான பழசோட ஒப்பிட்டா எதுவும் நல்லாத்தான் தெரியும்.

பழனி_முருகேசன்
வாத்தியார் ஐயா, இதே மாதிரி முட்டிக்கு துளை போட்டு உள்ள கழுவி விடுறாங்களே, அது எப்படி? அப்பாவுக்கு 68, தேய்மானம், கழுவி விட்டா ரெண்டு வருஷம் தாங்கும்னு ஒருத்தர் சொன்னாரு.

கணக்கு_வாத்தியார்
அதுக்கு இன்னும் கடுமையா ஒரு சோதனை நடந்துருக்கு. அமெரிக்கா ஹூஸ்டன்ல, 2002ல வெளிவந்துச்சு, 180 பேர், எல்லாருக்கும் முட்டி தேய்மானம். ஒரு கூட்டத்துக்கு கழுவி விட்டாங்க, ஒரு கூட்டத்துக்கு கழுவி சுரண்டியும் விட்டாங்க, மூணாவது கூட்டத்துக்கு தியேட்டருக்கு கூட்டிட்டு போய் தோல்ல மட்டும் கீறி தையல் போட்டு அனுப்பிட்டாங்க, முட்டிக்குள்ள எதுவும் போகல. மூணுல ஒரு வாய்ப்பு சும்மா கீறல்தான்னு முன்னாடியே சொல்லி எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கினது. ரெண்டு வருஷம் பாத்ததுல மூணு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரிதான். சும்மா கீறுனவங்களும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க.

அதனால வெறும் தேய்மானத்துக்கு கழுவறதுக்கு காசு போடறதுக்கு முன்னாடி தொடை தசைக்கு பயிற்சி, எடை குறைக்கறது பத்தி ஒரு பிசியோதெரபிஸ்ட்ட கேளுங்க. முட்டி பூட்டு விழுந்த மாதிரி மடங்காம நிக்குதுன்னா அது வேற கதை, டாக்டர்ட்ட காட்டணும்.

மலர்விழி_77
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். எங்க அண்ணிக்கு 2017ல கர்ப்பப்பை வாய் புற்றுநோய், ஆரம்ப கட்டம்தான். லேப்ராஸ்கோப்பில பண்ணாங்க, நாலாவது நாள் வீட்டுக்கு வந்து அவங்களே காபி போட்டாங்க, எங்க எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருஷத்துல திரும்ப வந்துருச்சு. இப்ப இல்ல. துளை போட்டு பண்ணதாலதான் வந்துச்சான்னு யாரும் எங்களுக்கு சொல்லல, எங்களுக்கு கேக்கவும் தெரியல. டாக்டர் யாராவது தெளிவா சொன்னா போதும்.

கத்தியும்_நூலும்
அம்மா, ரொம்ப வருத்தமா இருக்கு. உங்க அண்ணிக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஓப்பன்ல பண்ணவங்களுக்கும் சிலருக்கு திரும்ப வருது. ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி, தெரிஞ்சத மறைக்காம சொல்றேன்.

2017ல உலகம் முழுக்க அந்த ஆபரேஷன துளை போட்டும் பண்ணிட்டு இருந்தோம், ரத்தம் கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு போறாங்க, நல்லதுன்னுதான் நம்பினோம். 2018 கடைசில எல்.ஏ.சி.சி.ன்னு ஒரு சோதனை முடிவு வந்துச்சு, 631 பெண்கள், பல நாட்டு ஆஸ்பத்திரிங்க. நாலரை வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க ஓப்பன்ல 96.5 சதவீதம், துளை போட்டதுல 86 சதவீதம். இறப்பும் துளை போட்ட பக்கம்தான் கூட. துளை போட்டது ஓப்பனுக்கு குறைஞ்சது இல்லன்னு நிரூபிக்க ஆரம்பிச்ச சோதனை, பாதியிலயே ஆள் சேக்கறத நிறுத்த வேண்டி வந்துச்சு. கர்ப்பப்பைய அசைக்க கீழிருந்து ஒரு கருவி விடுவாங்க, அது கட்டி மேல உரசுறதாலயா, கேஸ் பிரஷரா, உள்ளயே வெட்டி திறக்கறதால செல்லு சிந்துதான்னு பல காரணம் பேசறாங்க. அதுக்கப்புறம் இந்த நோய்க்கு மட்டும் திரும்ப ஓப்பனுக்கு வந்துட்டோம்.

அதே சமயம் பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004ல வந்த அமெரிக்க சோதனையில, 872 பேர், மூணு வருஷத்துல நோய் திரும்பினது துளையில 16 சதவீதம், ஓப்பன்ல 18. வித்தியாசம் இல்லன்னு அர்த்தம். ஒரே கேமரா, ஒரே கேஸ், ஒரே மாதிரி கத்திரிதான், குடலுக்கு சரியா இருந்தது கர்ப்பப்பை வாய்க்கு சரியா இல்ல. நாலாவது நாள் காபி போட்டதயும் ரத்தம் எத்தனை மில்லி போச்சுங்கறதயும் அளக்கறது சுலபம், ஆஸ்பத்திரிலயே அளந்து முடிச்சிரலாம். நாலு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு அளக்க பொறுமை வேணும், பணம் வேணும், பேஷண்ட்ட விடாம தேடிப் பிடிக்கணும். நாங்க சுலபமா அளக்க முடிஞ்சத வெச்சு முடிவு பண்ணிட்டோம்.

மலர்விழி_77
நன்றி டாக்டர். இவ்வளவு நாள் கழிச்சு ஒருத்தர் நேரா பதில் சொன்னதே போதும்.

அபுதாபி_ராஜா
மலர் அக்கா, மனசு கனத்து போச்சு. நான் முன்னாடி எழுதினத இப்ப வேற மாதிரி யோசிக்கறேன். டாக்டர், அப்ப யார் பண்றாங்கங்கறதும் முக்கியமா? நம்ம கோயம்புத்தூர்ல கணைய ஆபரேஷனே துளை போட்டு பண்றாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

கத்தியும்_நூலும்
நல்ல கேள்வி, இதுக்கு நேரா ஒரு உதாரணம் இருக்கு. கணையத் தலையில கட்டி வந்தா விப்பிள்னு ஒரு ஆபரேஷன், வயித்துலயே பெரியதுல அதுவும் ஒண்ணு. கோவை ஜெம் ஆஸ்பத்திரில டாக்டர் பழனிவேலு குழு 64 பேர சீட்டு குலுக்கி பிரிச்ச மாதிரி ரெண்டா பிரிச்சு பாத்தாங்க, துளையில பண்ணவங்க 7 நாள்ல வீட்டுக்கு, ஓப்பன்ல 13 நாள். உலகத்துலயே இந்த ஆபரேஷனுக்கு மொத மொத நடந்த சோதனைங்கள்ல அதுவும் ஒண்ணு, தமிழ்நாட்டு சர்ஜனா எனக்கு அதுல பெருமை உண்டு. அடுத்து 2019ல நெதர்லாந்துல நாலு ஆஸ்பத்திரி சேந்து அதே கேள்விய பாத்தாங்க, 99 பேர். துளையில 50க்கு 5 பேர் சிக்கல்ல இறந்தாங்க, ஓப்பன்ல 49க்கு 1. அதோட சோதனையவே நிறுத்திட்டாங்க. அந்த சர்ஜன்கள் பயிற்சி எடுத்தவங்கதான், கத்துக்குட்டிங்க இல்ல.

ரெண்டும் உண்மை. வருஷக்கணக்கா தினம் அதையே பண்ற ஒரு எடத்துல வந்த முடிவு, அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படியே பொருந்தாது. அதனால எந்த டாக்டர்ட்ட போனாலும் "இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, எத்தனை பேருக்கு திறக்க வேண்டி வந்துச்சு"ன்னு கேளுங்க. திறந்ததே இல்லன்னு சொன்னா எனக்கு அது பயமா இருக்கும்.

தஞ்சை_கவிதா
எல்லாரும் வைத்தியத்த பத்தியே பேசறீங்க, நோய கண்டுபிடிக்கவும் இது எவ்வளவு உதவுதுன்னு நான் சொல்றேன். என் தங்கச்சிக்கு 29 வயசு, வயித்துல தண்ணி கோத்து ஆறு மாச கர்ப்பம் மாதிரி ஆயிட்டா, எடை பத்து கிலோ எறங்கிருச்சு. ஸ்கேன்ல சினைப்பைக்கிட்ட கட்டி மாதிரி தெரியுது, சவ்வு தடிப்பு. சி.ஏ. 125ன்னு ரத்த டெஸ்ட் நானூத்தி சொச்சம் வந்துச்சு. சினைப்பை புற்றுநோய், முத்திருச்சு, கர்ப்பப்பை சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டு கீமோ குடுக்கலாம்னு முதல்ல பாத்த எடத்துல சொல்லிட்டாங்க. கல்யாணம் ஆகி எட்டு மாசம். அவ மாமியார் வீட்ல பேச்சே நின்னு போச்சு.

ரெண்டாவதா பாத்த டாக்டரம்மா, சதை எடுத்து பாக்காம எதுவும் பண்ண மாட்டேன்னுட்டாங்க. வயித்து தண்ணிய ஊசில எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, டிபி கிருமி தெரியல. அப்புறம்தான் லேப்ராஸ்கோப்பி, ரெண்டே துளை. வீடியோவ எனக்கும் காட்டினாங்க, வயித்து உள்சவ்வு முழுக்க ஜவ்வரிசி தூவின மாதிரி வெள்ள வெள்ளையா பொடி முடிச்சு. அதுல நாலஞ்சு எடத்துல கிள்ளி எடுத்து பயாப்சி அனுப்பினாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட், டிபி. புற்றுநோய் இல்ல. அரசு ஆஸ்பத்திரில இலவச மாத்திரை, ஆறு மாசம். இப்ப அவ பொண்ணுக்கு ரெண்டு வயசு.

கத்தியும்_நூலும்
கவிதா எழுதினது எல்லாரும் படிக்க வேண்டியது. வயித்து டிபியும் சினைப்பை புற்றுநோயும் ஸ்கேன்ல அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், சி.ஏ. 125 ரெண்டுலயும் ஏறும், அந்த தண்ணியில கிருமிய மைக்ராஸ்கோப்ல பாக்கறது ரொம்ப அபூர்வம். நம்ம நாட்ல இந்த ஒரு காரியத்துக்கு லேப்ராஸ்கோப்பிய விட நல்ல கருவிய நான் பாக்கல. முன்னாடியெல்லாம் வயித்த திறந்து பாத்துதான் தெரிஞ்சுக்குவோம். சில சமயம் திறந்ததும் எல்லாம் ஒட்டிக் கெடக்கும், தொட்ட எடமெல்லாம் குடல் கிழியும், டிபிக்காரங்களுக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. துளை போடும்போதும் அந்த பயம் உண்டு, அதனால கண்ண மூடிட்டு ஊசி குத்தாம தொப்புள்கிட்ட சின்னதா திறந்து பாத்துட்டே உள்ள போவோம்.

யாழ்_வாசி
வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். குமரன் தம்பி, உங்கட அம்மாவின்ர பித்தக்குழாய் 9 மில்லிமீட்டர் எண்டு எழுதியிருக்கிறியள், அது வழமையை விட அகலம், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. எங்கட மாமிக்கும் இப்பிடித்தான், குழாய்க்குள்ள கல் இருக்கலாம் எண்டு சந்தேகத்தில நேரா ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியா கேமராக் குழாய் விட்டு பித்தக்குழாயப் பாக்கிறது) செய்தவை. உள்ள கல் ஒண்டும் இல்லை. ஆனா செய்தாப்பிறகு கணையம் வீங்கி பதினெட்டு நாள் வார்ட்டில கிடந்தவா. வாய் வழியாத்தானே, வெட்டுக் குத்து ஒண்டும் இல்லையே எண்டு நாங்கள் யோசிக்காம ஓம் எண்டு சொல்லிப்போட்டம். அம்மாவுக்கு அதைச் செய்யச் சொன்னா முதல்ல எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ.

கத்தியும்_நூலும்
யாழ் அண்ணன் சரியா பிடிச்சாரு, எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். ஈ.ஆர்.சி.பி. பண்றவங்கள்ல நூத்துக்கு மூணுலேர்ந்து பத்து பேர் வரைக்கும் கணையம் வீங்கும். உள்ள கல்லு இருக்குன்னு உறுதியா தெரிஞ்சா அத எடுக்க வழக்கமா அதுதான் வழி, அதுக்கு அந்த ஆபத்து ஏத்துக்கலாம். இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு அது வேண்டாம், எம்.ஆர்.சி.பி. ஒரு காந்த ஸ்கேன்தான், உடம்புக்குள்ள எதுவும் போகாது. குமரன், ஈரல் ரத்த டெஸ்ட்டும் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்துட்டு போங்க.

நத்தம்_குமரன்
எல்லாருக்கும் கையெடுத்து கும்பிடறேன். எம்.ஆர்.சி.பி. எடுத்தாச்சு, குழாய்க்குள்ள கல்லு இல்ல, அதனால ஈ.ஆர்.சி.பி. வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது டாக்டர்ட்டதான் பண்றோம். முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல வருது, பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு. வர்ற வியாழக்கிழமை. வருஷத்துக்கு எத்தனை பண்றீங்கன்னு கேட்டேன், கோபப்படுவாரோன்னு கை வேர்த்துருச்சு. அவரு ஒரு நோட்டு எடுத்து காட்டினாரு, ஒவ்வொரு கேசும் கையால எழுதி வெச்சிருக்காரு, திறந்தது எதுக்கு திறந்தேன்னு செவப்பு மையில எழுதியிருக்கு.

தியேட்டர்_சிஸ்டர்
நல்ல கையில குடுத்திருக்கீங்க தம்பி. ஒண்ணு மறக்காம கேளுங்க, எடுத்த பித்தப்பைய குப்பைல போடாம பயாப்சிக்கு அனுப்ப சொல்லுங்க, எப்பவாவது அதுல புற்றுநோய் ஒளிஞ்சிருக்கும். கல்ல டப்பால போட்டு குடுப்பாங்க, எல்லாரும் அத வீட்டுக்கு எடுத்துட்டு போய் காட்டுவாங்க, பை என்னாச்சுன்னு கேக்கவே மாட்டாங்க. அப்புறம் துளையிலயே முடிஞ்சா அம்மாவுக்கு வலது தோள்பட்டை வலிக்கும், ஆபரேஷன் வயித்துல, வலி தோள்லயான்னு பயந்துராதீங்க. மிச்ச கேஸ் உதரவிதானத்த உறுத்தறது அப்படி தெரியும், ரெண்டு நாள்ல போயிரும்.

நத்தம்_குமரன்
பதினோரு நாள் கழிச்சு எழுதறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும்.

துளை போட்டுதான் ஆரம்பிச்சாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு டாக்டரே வெளிய வந்து என்னை கூப்பிட்டாரு. தியேட்டர் கதவுக்கு பின்னாடி நிக்க வெச்சு, "முழுசா ஒட்டியிருக்கு, பித்தக்குழாய் எது, பையோட குழாய் எதுன்னு பிரிச்சு பாக்க முடியல, திறக்கறேன்"னு சொன்னாரு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, உள்ள போயிட்டாரு. இந்த இழைய படிக்காம இருந்திருந்தா அந்த எடத்துலயே சண்டை போட்டிருப்பேன், சத்தியமா சொல்றேன். தலைய மட்டும் ஆட்டினேன். தங்கச்சி அழுதா, அவளுக்கு டாக்டர் எழுதினது, சிஸ்டர் எழுதினது எல்லாத்தையும் போன்ல படிச்சு காட்டிட்டு உக்காந்திருந்தேன்.

மொத்தம் ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு. பையோட கழுத்துப் பகுதிய குழாய்கிட்ட விட்டுட்டு மீதிய எடுத்து கல்லெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன், அந்த எடத்துல கை வெச்சிருந்தா குழாய் போயிருக்கும்னு சொன்னாரு. வயித்துல ஒரு டியூப் வெச்சிருந்தாங்க, மூணு நாள் லேசா பச்சையா தண்ணி வந்துச்சு, நாலாவது நாள் நின்னுச்சு, அஞ்சாவது நாள் டியூப எடுத்தாங்க. ஏழாவது நாள் வீட்டுக்கு வந்தோம். காமாலை இல்ல, காய்ச்சல் இல்ல. பயாப்சி நேத்து வந்துச்சு, நாள்பட்ட வீக்கம்தான், வேற ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு.

அம்மா இன்னிக்கு காலைல ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வாசல் வரைக்கும் நடந்தாங்க. தையல் பக்கம் அரிக்குதுன்றாங்க, ரெண்டு தையல் மட்டும் மிச்சம் இருக்கு. சிஸ்டர் அக்கா, அது சாதாரணம்தானா? அப்புறம் அவங்க சும்மா இருக்க மாட்டேங்கறாங்க, குழாயடில தண்ணி பிடிக்க எப்ப விடலாம்?

தியேட்டர்_சிஸ்டர்
அரிப்பு ஆறுறதுக்கு அறிகுறி, சொறிய விடாதீங்க, பருத்தி துணி போட்டு விடுங்க. சிவந்து சூடா இருந்தாலோ நீர் கசிஞ்சாலோ அன்னிக்கே கூட்டிட்டு போங்க, சுகர் இருக்கறவங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. கண்ணு மஞ்சளானாலும், ஒண்ணுக்கு டீ கலர்ல போனாலும் அப்படித்தான். குடம் ஆறு வாரத்துக்கு கூடவே கூடாது தம்பி, அதுவரைக்கும் நீங்கதான் பிடிக்கணும்.